ஜேசிபி வரும் முன்பே முடிவாகிற விஷயம்: கேத்திச் சரிவில் 12 சென்ட் மனை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 12 சென்ட் மனை. சாலையோரத்தில் 18 மீட்டர் அகலம், உள்வாட்டில் 27 மீட்டர் நீளம், மொத்தம் 486 சதுர மீட்டர். குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவே விலைக்கு வரும் மனைகளில் பல இந்த வாகில்தான் இருக்கின்றன. சாலை கீழே, மனை மேலே. 3 மீட்டர் உள்ளே போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு. பின் எல்லைக்கு மேலே தேயிலையோ கேரட் தோட்டமோ இன்னும் 60 மீட்டர் ஏறிப்போகும். ஒரு குறிப்பிட்ட வீட்டின் வரலாறு அல்ல இது. அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட மாதிரி மனை. கட்டப்போவது 12 மீட்டர் அகலம், 9 மீட்டர் ஆழம் கொண்ட வீடு. அதைக் கட்டும்போது மனையின் மண் அரித்துச் சாலைக்கு இறங்காமல் பார்ப்பதுதான் இங்கே கேள்வி.

மழை இங்கே எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2009 நவம்பர் 10 போதும். அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பதிவானது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதில் பாதிக்கும் மேல். அந்தச் சில நாட்களில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீட்டு மனையில் செய்யும் தற்காலிக ஏற்பாடு எதுவும் அப்படியொரு நாளைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண ஐப்பசி மழைக்கே சாலை வாய்க்காலைச் செந்நிறக் குழம்பாக்கும் மனைகள்தான் அதிகம். அந்தக் குழம்பு தவிர்க்கக்கூடியது.

மண்ணின் ஏமாற்று

மேலே ஓரடிக்குக் கரிய மண். அதன்கீழ் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண், சார்னோகைட் என்னும் கடினப் பாறை மட்கி உண்டானது. பல இடங்களில் அதற்கும் அடியில் வெளுத்த களிப்படலம் ஒன்று இருக்கும். நனைந்தால் சோப்புப் போல வழுக்கும்.

மாசி மாதத்தில் இந்தச் செம்மண்ணை 3 மீட்டர் செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். ‘நிக்கும் சார், ஒண்ணும் ஆகாது’ என்று இயந்திரம் ஓட்டுபவர் சொல்வது பொய்யல்ல, அந்த மாதத்துக்கு அது உண்மை. துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்ச ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருக்கிறது. இடைவெளிகள் முழுக்க நீரால் நிரம்பினால் அந்த இழுவிசை போய்விடும். அதே சுவர் அப்போது தன் எடையையே தாங்காது. வெட்டுமுகத்துக்கு மேலே, விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, சரிவுக்குக் குறுக்கே நூல் போன்ற விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மழைநீர் முதலில் நுழைவது அங்கேதான்.

வெட்டுக் கணக்கு

வீட்டுக்கும் சுற்றிலும் நடக்கவும் 14 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழத்தில் ஒரே தளமாக வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரிவு மூன்றுக்கு ஒன்று என்பதால் பின்முகம் 3.3 மீட்டர் உயரம் வரும். வெட்டும் மண் 233 கன மீட்டர். வெட்டிய மண் கால் பங்கு உப்பும். ஏற்றும்போது ஏறக்குறைய 290 கன மீட்டர். யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) 100 யூனிட்டுக்கு மேல், அதாவது 2 யூனிட் டிப்பரில் 50 நடை.

அதே 10 மீட்டரை 5 மீட்டர் வீதம் இரண்டு படியாக வெட்டினால்? ஒவ்வொரு பின்முகமும் 1.7 மீட்டர்தான். மண் 117 கன மீட்டர், அதாவது சரிபாதி. டிப்பர் நடையும் 26 ஆகிவிடும். நடுவே ஒரு தாழ்வான தடுப்புச் சுவரும், வீட்டுக்குள் பத்துப் படிக்கட்டும் கூடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படி ஒரு சங்கடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 3.3 மீட்டர் சுவருக்கு ஆகும் கல்லையும் கம்பியையும் கணக்குப் பார்த்தவர்கள் பெரும்பாலும் படிக்கட்டைத்தான் தேர்வார்கள். மண் அரிப்பைக் குறைக்கும் ஏற்பாடுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை, இது நடப்பதோ வரைபடத் தாளில். வலையும் மூட்டையும் அதற்குப் பிறகு வருபவை.

வெட்டிய மண் எங்கே போகும் என்பதையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். இந்த ஊர்ப்பக்கம் நடக்கும் மிகப் பெரிய தவறு, தளத்தின் முன்விளிம்பில் அதைத் தள்ளிவிட்டு ‘முற்றம் பெரிசாச்சு’ என்று மகிழ்வது. புல்லையும் மட்கையும் எடுக்காமல், படி வெட்டாமல், 30 செ.மீ. அடுக்காகத் தட்டாமல் கொட்டிய மண் சரிவின்மேல் ஒட்டுவதில்லை, உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே இருக்கும் புல் அழுகி வழுக்குத்தளமாகும். முதல் பருவமழையில் விரிசல் கோடு விழும், அடுத்ததில் மொத்தமாக இறங்கும். சாலை கீழே இருக்கும் நம் மனையில் அது இறங்குவது பேருந்து போகிற இடத்தில்.

எப்போது வெட்டுவது

நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி ஆகியவை, தென்மேற்குப் பருவமழையில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குப் பக்கம், குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. ஒரே மாவட்டம் என்றாலும் வேலை நாட்காட்டி இரண்டு.

நம் மனைக்கு ஜனவரி, பிப்ரவரியில் வெட்டு. மார்ச், ஏப்ரலில் தடுப்புச் சுவர். ஏப்ரல் கடைசியில் கோடை மழை தொடங்கும்போது வெற்றுச் சரிவுகளில் புல். அக்டோபருக்குள் அதற்கு ஐந்து மாத வேர் இருக்கும். மண் வெட்டும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனியே வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை முந்திய மழைக்காலத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அனுமதி தாமதமாகி ஆகஸ்டில் கிடைத்தால் பலர் உடனே வெட்டிவிடுகிறார்கள். சுவர் எழும் முன் மழை வந்துவிடும். அந்த நிலையில் ஜனவரி வரை காத்திருப்பதே மலிவு.

மேலிருந்து வரும் நீர்

வெட்டுமுகத்தைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் அதற்கு மேலே இருக்கும் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் ஒரு கால் மணி நேரப் பெருமழை அடிக்கிறது என்று கொள்வோம். மேலே 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலத் தோட்டத்தில் பாதி நீர் மண்ணுக்குள் போய் மீதி ஓடினாலும் நொடிக்கு 15 லிட்டர் நம் மனைக்குள் நுழையும். மனையின்மேலேயே விழுந்து ஓடுவது, வெற்று மண் என்பதால் 70 சதவீதம் ஓடும் என்று வைத்தால், நொடிக்கு 9.5 லிட்டர். ஆக, மனையை அரிக்கும் நீரில் பெரும்பங்கு வெளியாள்.

எனவே முதல் நாள் வேலை ஜேசிபிக்கு அல்ல, மண்வெட்டிக்கு. பின் எல்லையை ஒட்டி ஒரு திருப்பு வாய்க்கால். அடியில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், பக்கங்கள் 45 பாகை சாய்வு. எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டுத் தட்ட வேண்டும். வாட்டம் மீட்டருக்கு 1 செ.மீ.; 18 மீட்டரில் 18 செ.மீ. இறக்கம். கண்மட்டத்தில் போடாமல் டியூப் லெவல் (நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் மட்டம்) பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட பிறகே வெட்ட வேண்டும். இந்த வாட்டத்தில் 10 செ.மீ. ஆழம் ஓடினாலே நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் போகும். மீதி உயரம் இலைதழைக்கும் பிழைக்கும். வாட்டத்தைக் கூட்டினால் ‘தண்ணி சீக்கிரம் போகும்’, உண்மைதான், வாய்க்காலின் அடியையும் கூடவே கொண்டுபோகும். வாட்டம் குறைந்து நடுவில் குழிவிழுந்தால் அங்கே தேங்கி, கரையை உடைத்து, வெட்டுமுகத்தின்மேல் நேராக விழும். வாய்க்கால் இல்லாமலிருப்பதைவிட இது மோசம். பரவலாக வர வேண்டிய நீர் ஒரே இடத்தில் சேர்ந்து விழுகிறது அல்லவா.

வெட்டு விளிம்பிலிருந்து வாய்க்கால் 3 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால் வாய்க்காலுக்குள் சில்பாலின் என்னும் பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, இரு ஓரங்களையும் மண்ணில் புதைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கசிவு முழுவதும் அந்த நூல் விரிசலுக்குள் இறங்கும்.

வாய்க்கால் முடியும் மூலையிலிருந்து சாலைவரை 9 மீட்டர் இறக்கம். அங்கே திறந்த மண் வாய்க்கால் ஒரே மழையில் ஆளிறங்கும் பள்ளமாகும். 200 மி.மீ. பிவிசி குழாய், 6 மீட்டர் நீளத்தில் 5, பக்க எல்லையோரமாக இறக்கி, 3 மீட்டருக்கு ஒரு முளை அடித்துக் கட்ட வேண்டும். கணக்குக்கு 160 மி.மீ. போதும், தேயிலைச் சருகுக்காக 200. குழாய் வாயைச் சுற்றி மண் மூட்டைகள், குழாயின் மேல்விளிம்புக்கு 30 செ.மீ. உயரமாக, வாயில் 5 செ.மீ. கண்ணுள்ள கம்பி வலை. இதில் கெட்டுப்போகும் இடம் எப்போதும் வாய்தான். சருகு அடைத்தால் நீர் குழாய்க்கு வெளியே, குழாயை ஒட்டியே ஓடி அதன் அடியைப் பறிக்கும். கீழ்முனையில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு 20 செ.மீ. அளவுக் கருங்கற்களை ஜல்லிமேல் அடுக்கி, வேகம் தணிந்த பிறகே சாலை வாய்க்காலுக்குள் விட வேண்டும். பக்கத்து மனைக்குள் திருப்பிவிடுவது அரிப்பைத் தடுப்பதல்ல, இடம் மாற்றுவது.

மூடுவதா, பிடிப்பதா

மண்ணைப் பிடித்துவைக்க மனையின் கீழ்முனையில் ஒரு குழி எடுத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குழி வேண்டும். ஆனால் அது எதைப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அசையாத நீரில் 0.1 மி.மீ. மணல்துகள் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம். 0.01 மி.மீ. வண்டல் 3 மணி நேரம். 0.002 மி.மீ. களி 3 நாளுக்கு மேல். நம் செம்மண்ணில் களி தாராளம். ஆகவே குழி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெளியே போகும் நீர் சிவப்பாகத்தான் இருக்கும். அந்தச் சிவப்பை நிறுத்த ஒரே வழி, மழைத்துளி மண்ணைத் தொடாமல் பார்ப்பது. பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அந்த அடியில்தான் துகள் கழன்று, ஓடும் நீரில் ஏறுகிறது.

மூடுவதற்கு மலிவானது வைக்கோல் அல்லது உலர்ந்த புல், சதுர மீட்டருக்கு அரை கிலோ. 200 சதுர மீட்டருக்கு 100 கிலோ. விரித்தபின் மண் ஆங்காங்கே தெரிந்தால் குறைவு. சமதளத்திலும் மென்சரிவிலும் இது அரிப்பைப் பத்தில் ஒன்றாக்கும். மூன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தான இடத்தில் தனியே நிற்காது, மேலே தென்னைநார் வலை வேண்டும்.

அந்த வலை சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எடைகளில் வருகிறது. புல் ஊன்றும்வரை பிடித்துவைக்க 400 போதும். செங்குத்தான முகத்துக்கு 700. உச்சியில் 30 செ.மீ. பள்ளம் வெட்டி, வலையின் நுனியை அதில் இறக்கி, மண் போட்டு மிதித்துவிட வேண்டும். பிறகு சரிவோடு கீழ்நோக்கி விரிக்க வேண்டும், குறுக்காக அல்ல. ஓரங்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று. 6 மி.மீ. கம்பியை 30 செ.மீ. காலுள்ள கொக்கியாக வளைத்து சதுர மீட்டருக்கு மூன்று. பறைபோல இழுத்துக் கட்டுவது பார்வைக்கு அழகு. ஆனால் வலை மண்ணைத் தொடாத ஒவ்வொரு குழியிலும் அடியில் ஓடை உருவாகும். தளர்வாக, மண்ணோடு படிந்து கிடக்க வேண்டும். விதையும் எருவும் வலைக்கு முன்னே, கல்லும் வேரும் பொறுக்கிய பிறகு.

மேல்புல்லை முதல் நாளே 30 செ.மீ. சதுரமாக, 7 செ.மீ. தடிப்பில் பெயர்த்து நிழலில் வைத்திருந்தால் கடையில் புல் வாங்கத் தேவையில்லை. ஒரு வாரத்துக்குமேல் அடுக்கிவைத்தால் நடுவிலிருப்பவை வெந்துபோகும். வெட்டிவேர் நடுபவர்கள் 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோட்டில் வரிசை அறுபடாமல் நட வேண்டும். சமவெளியில் வளரும் வேகத்தை இந்தக் குளிரில் எதிர்பார்க்கக் கூடாது. முதல் ஆண்டு வலைதான் வேலை செய்யும்.

வேலை 14 நாளுக்குமேல் நிற்கப்போகும் இடத்தை உடனே மூடத் தொடங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட மனைகளுக்கான கூட்டாட்சி விதி. ஐப்பசியில் கேத்திக்கு 14 நாள் நீண்ட காலம். சாயங்காலம் வேலை முடியும்போது திறந்திருக்கும் முகத்துக்குத் தார்ப்பாய், வெட்டு விளிம்பைத் தாண்டி 2 மீட்டர்வரை. அன்றன்றைக்கு என்பதே சரியான விதி.

கீழ்முனைக் குழிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். ஏக்கருக்கு 1,800 கன அடி என்ற பழைய கணக்கில் நம் மனைக்கு 6 கன மீட்டர் வரும்; அதுதான் இது. நீர் நுழைவது ஒரு குறுமுனையில், வழிவது எதிர்முனையில் ஜல்லி மூட்டைமேல். அரைவாசி நிரம்பியதும் வார வேண்டும். வாரிய சேற்றைப் பக்கத்திலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும். பார்த்துச் சலித்த காட்சி.

முன் எல்லையில் பச்சை நிழல்வலை கட்டி, மண் தடுப்பு என்கிறார்கள். அது தூசுக்கு. அதன் கண்களில் சேறு தடையில்லாமல் போகும். அடியைப் புதைக்காததால் மீதி கீழே நுழையும். வேண்டியது, நீரை வடியவிட்டு மண்ணைத் தடுக்கும், நெருக்கமாக நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணி, தரைக்குமேல் 60 செ.மீ., 15 செ.மீ. பள்ளத்தில் புதைத்து மண் தட்டியது, 2 மீட்டருக்கு ஒரு கம்பம், கம்பம் சாலைப் பக்கம். இரு முனைகளையும் சரிவில் மேல்நோக்கி வளைத்துவிட வேண்டும், இல்லையேல் நீர் ஓரத்தில் சுற்றிப் போகும். ஓடை ஓடும் இடத்துக்குக் குறுக்கே இதைக் கட்டக் கூடாது. அது அணை அல்ல. அங்கே கல் வேண்டும்.

கூரை போட்ட மறுவாரம்

தளக் கான்கிரீட் முடிந்ததும் ஆபத்து முடிந்தது என்ற நினைப்பு வரும். அன்றுதான் புதியது ஒன்று பிறக்கிறது. 108 சதுர மீட்டர் கூரை, சொட்டு நீரையும் உறிஞ்சாது. அதே மழைக்கு நொடிக்கு 3 லிட்டர். ஒன்றிரண்டு துவாரம் வழியாக 3 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுவது இன்னும் இறுகாத நிரப்பு மண்மேல், பெரும்பாலும் அடித்தளத்தை ஒட்டி. பூச்சு வேலை முடிந்தபிறகுதான் குழாய் என்பது வழக்கம். அதற்குள் ஒரு பருவமழை போய்விடும். முட்டுப் பலகை பிரிக்கும் அன்றே தற்காலிகக் குழாயை மாட்டி, சாலைக்கு இறங்கும் 200 மி.மீ. குழாயில் சேர்த்துவிட வேண்டும்.

சுவருக்குப் பின்னால்

ஒரே தளமாக வெட்டி 3 மீட்டர் சுவர் கட்டியவர்களுக்கு ஒரு கணக்கு. வறண்ட மண் சுவரைத் தள்ளும் விசை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 2.7 டன். பின்னால் நீர் முழுக்கத் தேங்கினால் மண்ணும் நீரும் சேர்ந்து 5.8 டன். சுவர் மாறவில்லை, மண் மாறவில்லை, வடிகால் அடைத்தது, சுமை இரட்டிப்பு.

ஆகவே சுவரின் பின்புறம் 30 செ.மீ. அகலத்துக்கு அடிமுதல் உச்சிக்கு அரையடி கீழ்வரை ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. 75 மி.மீ. குழாய்கள் 1.5 மீட்டர் இடைவெளியில், முதல் வரிசை முன்தரைக்குச் சற்று மேலே, வெளிப்புறம் சாய்ந்து. உச்சியின் கடைசி அரையடியைக் களிமண்ணால் மூடித் தட்டினால் மேல்நீர் ஜல்லிக்குள் இறங்காது. நடைமுறையில் நடப்பது: வெட்டிய செம்மண்ணையே பின்னால் கொட்டி நிரப்புவது, குழாயின் பின்வாய் களியில் புதைவது, பூச்சுக்காரர் முன்வாயைச் சாந்தால் அழகாக மூடிவிடுவது. சுவரில் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன, மழை நாளில் ஒன்றில்கூட நீர் வரவில்லை என்றால் சுவர் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல.

சுவர் எழுப்பும்போதும் முழு 14 மீட்டரையும் ஒரே மூச்சில் அடிவரை தோண்டக் கூடாது. 3 மீட்டர் துண்டாக, ஒன்று விட்டு ஒன்று. முதல் துண்டுகள் எழுந்து பின்னிரப்பு முடிந்தபிறகே நடுத்துண்டு. மேஸ்திரிக்கு இது பிடிக்காது, ஆட்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் சரிந்த முகத்தின் கீழ் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவர்களும் அதே ஆட்கள்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் மேல்மண் அரிப்புக்கும் ஆழம் குறைந்த சரிவுக்கும். அந்த வெளுத்த களிப்படலத்தின்மேல் முழுச் சரிவும் நகரத் தொடங்கினால் வலையும் புல்லும் 3 மீட்டர் சுவரும் சேர்ந்தே நகரும். வெட்டில் அந்தப் படலம் தென்பட்டாலோ, வறண்ட மாதத்திலும் முகத்தில் ஊற்று கசிந்தாலோ, மேலே இருக்கும் மரங்கள் அடியில் வளைந்திருந்தாலோ வேலையை நிறுத்தி மண்ணியல் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சுவருக்கு மேலே வைப்பதும் அந்தப் படலத்துக்குத் தினமும் நீர் ஊற்றுவதற்குச் சமம். மனையின் கீழ்க்கோடியில், சுவரிலிருந்து எட்டி வைக்க வேண்டும்.

மழைக்காலம் முழுவதற்கும் ஓர் ஆள் வேண்டும், காவல்காரராகவும் இருக்கலாம். கையில் மண்வெட்டி, டார்ச், பத்து நிரப்பிய மூட்டை. ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு, முடிந்தால் சாரல் விடும் முன்பே, இந்த வரிசையில் சுற்றிவர வேண்டும்: மேல் வாய்க்காலில் உடைப்பு, குழாய் வாயில் சருகு, விளிம்பு விரிசலில் அகலம் கூடியிருக்கிறதா, சுவர்த் துளைகளில் நீர் வருகிறதா, கடைசியாகக் குழி. விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு ஆணி அடித்து நடுத்தூரத்தை டேப்பால் அளந்து சுவரில் தேதியோடு எழுதிவைக்கலாம். நேற்றைய எண்ணைவிட இன்றையது 5 மி.மீ. கூடியிருந்தால் கீழே யாரையும் வேலைக்கு இறக்கக் கூடாது.